ஒரு கை கோழித்தீவனம்

கிட்ட வந்து உக்காருங்க சாமி. சத்தமாச் சொன்னா பக்கத்து ஊட்டு வசந்தாமணிக்குக் கேட்டுரும்.

ரெண்டு வருசத்துக்கு முன்னால தேவிப்ரியாவுக்கு ஏழு மாசத்துலயே ஒரு பையன் பொறந்தான். கைக்குள்ள அடங்கற மாதிரி இருந்தான். மூச்சுப்பையே வளரலைன்னு டாக்டர் சொன்னார். ஒரு மாசம் தங்கினதே பெரிசு.

மூத்தவள் ரஞ்சிதாவுக்கு அப்போ ஏழு வயசு. தம்பி கன்னத்துல ஒரு முத்தம் கொடுத்திருந்தாள். அதை வசந்தாமணி பார்த்துட்டாள்.

"மூக்கு ஒழுகிட்டு முத்தம் குடுத்தாளே, அதான் புள்ளை போயிருச்சு."

டாக்டர் சொன்னது ஊருக்குக் கேக்கலை. வசந்தாமணி சொன்னது கேட்டுது. ரஞ்சிதாவுக்கும் கேட்டுது.

இப்போ மறுபடியும் ஒரு தம்பி. கொழுகொழுன்னு இருக்கான். ஆனா தொட்டில் இருக்கற பக்கமே ரஞ்சிதா போறதில்லை. தேவிப்ரியா கெஞ்சியும் பார்த்தாள், அதட்டியும் பார்த்தாள். நடக்கலை.

பையனைப் பார்க்க ஜேடர்பாளையத்துல இருந்து தேவிப்ரியா புருசனோட அக்கா குப்பாயி வந்து இறங்கினாள். அவ செருப்பைக் கழட்டறதுக்குள்ள வசந்தாமணி வந்து ஓதிட்டாள்.

"மூத்தவ ராசி அப்படிங்க. இவனையாச்சும் பத்திரமாப் பாத்துக்கச் சொல்லுங்க."

குப்பாயி ரஞ்சிதாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்படியா சங்கதி? அப்ப இந்தப் பையனுக்கு இந்த ஊடு ஆகாது. குப்பையில போட்டுருவோம். முறத்தைக் கொண்டா."

தேவிப்ரியா தொட்டிலுக்குக் குறுக்க வந்து நின்னாள். "என்னங்க நங்கை, நீங்களுமா?"

"என் பேரு என்ன? குப்பாயி. முன்ன பொறந்தது தங்கலைன்னு என்னையும் குப்பையில போட்டு, தவிட்டுக்கு வித்துத்தான் எடுத்தாங்க. வித்த புள்ளைய எமன் தேட மாட்டான். தவிடு எங்க?"

"தவிடு இல்லீங்க. கோழித்தீவனம்தான் கெடக்குது."

"அதுலயும் தவிடு இருக்குதல்ல? கொண்டா."

குப்பைமேட்டு ஓரமா முறம். முறத்துல துணி விரிச்சுப் பையன். கையக் கால ஆட்டிச் சிரிக்கறான்.

வசந்தாமணி சேலையை இழுத்துச் சொருகிட்டு முன்னால வந்தாள். "பக்கத்து ஊட்டுக்காரிதானுங்க வாங்கோணும்."

"எங்கூர்ல அக்காதான் வாங்கோணும். ரஞ்சிதா, கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா சாமி."

கழுவிட்டு வந்தவள் எட்டவே நின்னாள். "நான் தொட்டா இவனும் செத்துருவான் அத்தை."

"அந்தத் தம்பிய நாங்க எல்லாரும் தொடவே பயந்தோம். அவன் வாங்கிட்டுப் போன முத்தம் உன்னோடது மட்டுந்தான். இவன் இப்பக் குப்பையில கெடக்கறான். உனக்கு வேணுமா, வேண்டாமா?"

பையன் சிணுங்கினான்.

"வேணும்."

ஒரு கை தீவனத்தை அள்ளி முறத்தோரம் போட்டுட்டு, தம்பியை வாரி எடுத்தாள் ரஞ்சிதா. அவன் அவ ஜடையைப் பிடிச்சுக்கிட்டான்.

தேவிப்ரியா கையை நீட்டினாள். குப்பாயி பட்டுன்னு தட்டிவிட்டாள்.

"இனிமே இவ புள்ளை. பால் குடுக்கறதுன்னாலும் இவகிட்டக் கேட்டுட்டுக் குடு."

வசந்தாமணி மெல்ல எட்டிப் பார்த்தாள்.

"வசந்தாக்கா, சோப்பு அங்க இருக்குது. கழுவிட்டு வாங்க," என்றாள் ரஞ்சிதா.

சாயங்காலம் குப்பாயி கிளம்பும்போது தேவிப்ரியா மெதுவாக் கேட்டாள்.

"ஏனுங்க நங்கை, உங்கூர்ல நெசமாவே அக்காதான் வாங்குவாங்களா?"

"எவ சொன்னா? பக்கத்து ஊட்டுக்காரிதான்."

"அப்ப உங்களைக் குப்பையில போட்டது?"

"எனக்கு முன்னால ஆரு பொறந்தா? நான்தான் தலைச்சன். குப்பாயிங்கறது எங்க அப்பத்தா பேரு, எனக்கு வெச்சாங்க!"

முறத்துல மிச்சமிருந்த தீவனத்தை வாசல்ல மேஞ்ச கோழிகளுக்கு வீசிட்டு, பஸ்ஸுக்கு நடந்தாள் குப்பாயி.