லிஃப்டுக்குள் ஒரு மாநாடு

"எங்க நாடுதான் பெரிசு. அதனால லிஃப்டுல இருந்து முதல்ல நான்தான் இறங்குவேன்."

பெரிய நாட்டுச் செயலர் சொன்னதை, "உங்க அனுமதியோட முதல்ல இறங்க ஆசைப்படறாராம்" என்று மற்ற இரண்டு செயலர்களுக்கும் மொழிபெயர்த்தார், மாநாட்டுக்கு மொழிபெயர்ப்பாளராக வந்திருந்த அம்மா. உள்ளபடியே சொன்னால் எல்லையில் படை வந்து நிற்கும்.

பாதுகாப்பு, வணிகம், நல்லுறவு பற்றிப் பேச மூன்று அண்டை நாடுகள் கூடிய மாநாடு அது. எல்லைக் கதவுகளை லாரிகளுக்குத் திறந்துவிடுவதாகக் கையெழுத்துப் போட்டு, கட்டிப்பிடித்துப் படமும் எடுத்துக்கொண்டு கீழே வந்தால், தரைத்தளத்தில் லிஃப்ட் கதவு மக்கர் செய்துவிட்டது. மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டு, யார் முதலில் இறங்குவது என்று பேச ஆரம்பித்தவர்கள்தான். பேச்சு அனுமார் வால் போல நீண்டுகொண்டே போனது.

அம்மாவின் மகளுக்குக் காலையில் வலி எடுத்திருந்தது. தலைப்பிரசவம். "நான் உள்ள போறதுக்குள்ள வந்துடும்மா" என்று போனில் அழுதிருந்தாள். அம்மாவோ மூன்று தொப்பைகளுக்குப் பின்னால், மூலையில் மாட்டிக்கொண்டு நின்றார்.

"போன மாநாட்டுல நீங்கதான முதல்ல இறங்குனீங்க? இந்தத் தடவை எங்க முறை" என்றார் இரண்டாவது நாட்டுச் செயலரான கண்ணாடிக்காரர்.

"மாநாட்டை நடத்துறது நாங்க. வீட்டுக்காரன்தான் முன்னாடி போய் வழி காட்டணும்" என்றார் மீசைக்காரர்.

"மூணு பேரும் சேர்ந்தே இறங்கலாமே, ஐயா" என்று அம்மா சொந்தச் சரக்கையும் கொஞ்சம் சேர்த்தார்.

"வலது பக்கம் யாரு?"

மூன்று மொழியில், ஒரே நேரத்தில் கேட்டார்கள். மாநாடு தொடங்கியதிலிருந்து மூவரும் மனதார ஒத்துப்போனது அந்தக் கேள்வியில்தான்.

அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஐயா, என் பொண்ணு பிரசவ ஆஸ்பத்திரியில தவிச்சிட்டிருக்கா. சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க."

மூவரும் உருகிப்போனார்கள்.

"ஆழ்ந்த அக்கறை தெரிவிச்சு ஒரு கூட்டறிக்கை விட்டுடலாம்" என்றார் பெரிய நாட்டுக்காரர்.

"அதுல யார் பேர் முதல்ல வரும்?" என்றார் மீசைக்காரர்.

அம்மாவின் போன் அடித்தது. மருமகன்.

"அத்தை, பையன் பொறந்துட்டான். உள்ள போற வரைக்கும் உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தா."

சந்தோஷம், ஆத்திரம், அழுகை எல்லாம் ஒன்றாக வந்தன அம்மாவுக்கு. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வெளியிலிருந்து மெக்கானிக் எட்டிப் பார்த்தார். "கதவைத் திறந்து வச்சிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுட்டு வந்துட்டேன். இன்னுமா யாரும் இறங்கல?"