ஃபெர்மின் குனிவதில்லை

முதலில் அநியாயம் செய்தவன் ஃபெர்மின்தான். இதை எந்த மாதா சிலைக்கு முன்னால் நின்று சொல்லச் சொன்னாலும் அனாக்ளெத்தோ சொல்லுவார்.

கப்பல் இயந்திர அறையில் எண்ணெய் போட்டே வயதாகி, சொந்த ஊர் இலோய்லோவுக்குத் திரும்பியவர் அவர். அந்த இரைச்சலில் கண்ணை மூடினால் ஒரே கனவுதான். கரும்புக் காட்டோரம் ஒரு மைதானம். அவர் ஓடிக்கொண்டே சுடுகிறார். குறியாக நட்ட இரும்புத் தட்டுகள் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், தூக்கம் வந்ததுபோலச் சாய்கின்றன.

துப்பாக்கி லைசென்ஸ் கைக்கு வந்ததும் கடைக்குப் போனார். கடைக்காரர் கண்ணாடி மேல் மூன்று பிஸ்டல்களை வைத்தார். நாற்பத்தைந்து காலிபர், நாற்பது காலிபர், ஒன்பது மில்லிமீட்டர்.

ஐஸ் தொழிற்சாலை முதலாளி ஃபெர்மினும் அங்கே நின்றிருந்தான். துப்பாக்கி கிளப்பின் சாம்பியன். வயதில் மூத்தவரை ஊர் வழக்கப்படி 'மனோங்', அண்ணா, என்றுதான் கூப்பிடுவான்.

"நாற்பது எடுங்க மனோங். பெரிய தோட்டா. குறி அட்டையில ஓரமா பட்டாலும் மார்க் கூட விழும். நம்ம கிளப்புல எல்லாரும் அதான்."

"போன வாரம் உன்னோடதுலதானே சுட்டுப் பார்த்தேன். ராத்திரி ஸ்பூன் பிடிக்க முடியல."

"ஒன்பதுல உதை கம்மி" என்றார் கடைக்காரர். "போட்டியில அதுக்குத் தனிப் பிரிவு, எல்லாருக்கும் ஒரே மார்க் கணக்குதான். ஆனா நடுவுல படணும்."

"அதையே குடு."

"நடுவுல பட்டுடுமா மனோங்?" என்று சிரித்தான் ஃபெர்மின்.

அனாக்ளெத்தோவிடம் ஒரு கணக்கு இருந்தது. கிளப்பில் ஒன்பதுக்காரர் அவர் ஒருவர்தான். மாகாணப் போட்டிக்கு வெளியூரிலிருந்து வரும் மூன்று பேரையும் பார்த்திருக்கிறார். தூங்கிக்கொண்டே ஜெயிக்கலாம். வீட்டில் குழந்தை ஏசு சிலை பக்கத்தில் கோப்பைக்கு இடம்கூட ஒதுக்கிவிட்டார்.

தோட்டாச் செலவைப் பற்றித்தான் யோசிக்கவில்லை. பென்ஷன் முழுக்க பிஸ்டலுக்கே போயிருந்தது. ஞாயிறு வந்தால் கிளப் மைதானத்தில் ஒரே ஒரு மேகஸின் தோட்டா சுடுவார். பிறகு மாமரத்தடியில் உட்கார்ந்து, காலி பிஸ்டலைக் கரும்புப் பக்கம் நீட்டி விசையை அழுத்துவார். டிக். ஒரு தட்டு சாயும். டிக். இன்னொன்று. காற்றில் கரும்பு அசையும்போது எல்லாத் தட்டும் விழுந்துவிடும்.

அடுத்த மாதம் ஃபெர்மின் புத்தம்புது ஒன்பது மில்லியோடு வந்து நின்றான்.

"உன் நாற்பது எங்கடா?"

"வித்துட்டேன் மனோங். இனி உங்க பிரிவுதான்."

"அங்க ராஜா மாதிரி இருந்தியே. இங்க என்னத்தைப் பிடுங்க வந்த?"

"இந்தப் பிரிவுல கோப்பை அழகா இருக்காம்."

மாகாணப் போட்டிக் கோப்பை அவன் வீட்டுக்குத்தான் போனது.

திமிர் வேறு. சுட்ட பிறகு எல்லாரும் தரையில் கிடக்கும் தங்கள் தோட்டாக்களின் காலிப் பித்தளை உறைகளைப் பொறுக்கிக்கொள்வார்கள். ஃபெர்மின் குனியவே மாட்டான். "இடுப்பு பிடிச்சுக்குது" என்று சொல்லிவிட்டு பச்சோய் சூப் குடிக்கப் போய்விடுவான்.

அவன் வண்டி கிளம்பியதும் அனாக்ளெத்தோ ஒரு சாக்கோடு இறங்குவார். ஒன்று விடாமல் அள்ளுவார். திருட்டு என்று அவர் நினைக்கவில்லை. கோப்பையைப் பறித்தவனிடமிருந்து பறிப்பது எப்படித் திருட்டாகும்?

மைதானத்தை ஒட்டிய கொட்டகையில் லூதிவினா அந்த உறைகளில் புதுசாக மருந்தும் குண்டும் அடைத்துத் தருவாள். கடைத் தோட்டா விலையில் கால்வாசிகூட ஆகாது. ஒரு வருஷம் ஆசை தீரச் சுட்டார். மாமரத்தடியில் விழுந்த தட்டுகள் மைதானத்தில் நிஜமாகவே விழத் தொடங்கின. பல தடவை, தான் விழித்திருக்கிறோமா என்றே அவருக்குச் சந்தேகம் வந்தது.

மறுவருஷப் போட்டியில் அவர் இரண்டாவது. கண் சிமிட்டுகிற நேரத்தில் முந்தியவன் ஃபெர்மின்.

சாக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தார்.

"மறுபடியும் தூக்கிட்டான் லூதி. அவன் வண்டி கிளம்பட்டும். இன்னைக்கு ஒரு உறை மிஞ்சாது பாரு. பொறுக்கினா கௌரவம் குறைஞ்சிடும் அந்தப் பணக்காரனுக்கு."

லூதிவினா தோட்டா அடைக்கும் நெம்புகோலை நிறுத்தினாள்.

"யாரு, ஃபெர்மினா? நாற்பது வச்சிருந்தப்ப ஒரு உறை புல்லுல விழுந்தா பேன் பார்க்கற மாதிரி தேடுவான் மனோங். ஒண்ணு குறைஞ்சா என்னோட சண்டைக்கு வருவான்."

"இப்ப மட்டும் என்ன கேடு வந்துச்சாம்?"

"நாற்பதோட உறை உங்க ஒன்பதுக்கு ஆகாதே."

வெளியே கரும்புக் காடு காற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

"நீங்க காலி பிஸ்டலை வச்சு டிக் டிக்குன்னு அழுத்திட்டிருந்ததை அவன் ஒரு நாள் இங்கிருந்து பார்த்துட்டே நின்னான்."

"நேரா குடுக்கறதுக்கு என்ன?"

"திருவிழாவுக்கு அவன் அனுப்புன பன்னிக்கறியையே திருப்பி அனுப்புனவர்தானே நீங்க. சும்மா குடுத்தா தொட மாட்டார், ஆத்திரம் வந்தா சாக்கோட வருவார்னான். அதுக்குத்தான் உசிரா வச்சிருந்த பிஸ்டலை வித்தான். சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வேற."

வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. சாய்ந்த வெயிலில் புல் முழுக்க பித்தளை மின்னிக்கொண்டிருந்தது.

அனாக்ளெத்தோ சாக்கை உதறிக்கொண்டு வாசல்வரை போனார். நின்றார்.

"அதெல்லாம் சரி லூதி. ரெண்டு கோப்பை அவன் வீட்டுல இருக்கு. அது பாக்கிதான்."