பத்துக்கு எட்டரை

“அப்ப கடைசி வரைக்கும் பஸ்ஸே வரலியா?”

“வரலக்கா. வராததுதான் படம்.”

ரேணுகா அக்கா உப்புப் பாக்கெட்டின் வாயைச் சூட்டுக் கம்பியில் வைத்து அழுத்தினார். “கூனிமேடு ஸ்டாப்புல ஒரு மணி நேரம் நின்னா இத நாங்க ஓசிலயே பாத்துடுவோமே சித்தார்த்தா.”

கொட்டகையே சிரித்தது. வினோதினியும் சிரித்தாள். அந்த ஒரு சிரிப்பை மட்டும் எத்தனை சிரிப்புக்கு நடுவிலும் என்னால் தனியாகப் பிரித்துவிட முடியும்.

உப்பளத்திலிருந்து வரும் உப்பை இந்தக் கொட்டகையில் நாங்கள் கிலோ பாக்கெட்டாகக் கட்டுகிறோம். பாக்கெட்டில் தேதி முத்திரை குத்துவது என் வேலை. அதற்கு மூளை தேவைப்படாததால், மூளையை மொழிபெயர்ப்பு நாவல்களுக்கும் வெளிநாட்டுப் படங்களுக்கும் கொடுத்துவிட்டேன். வாரத்தில் பார்த்த படங்களுக்கெல்லாம் திங்கட்கிழமை காலை பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவேன். எல்லோரும் கவனமாகக் கேட்பார்கள்.

கேட்டுவிட்டு நேர்மாறாகச் செய்வார்கள்.

கொட்டகையில் அது சட்டம் மாதிரி ஆகிவிட்டது. நான் இரண்டு போட்டால் மாலையே நாலு பேர் பாண்டிக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். ஒரே ஆள் நாற்பது பேரை அடிக்கும் போலீஸ் படத்தை ‘ஆன்மா இல்லாத படம்’ என்றேன். கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள், வினோதினியும் போனாள். பேய்ப் படத்துக்கு ஒன்று போட்டதும் ரேணுகா அக்கா வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார். பழைய படகை விற்பதா வேண்டாமா என்று ஒரு குடும்பம் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டே இருக்கும் மலையாளப் படத்துக்கு எட்டு கொடுத்தேன். வித்தாங்களா என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை.

தவறு என் பக்கமும் உண்டு. ‘இந்தப் படத்தில் மௌனமும் ஒரு கதாபாத்திரம்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். ஏதோ ஒரு நாவலின் பின்னட்டையில் படித்தது. ஒரு மாதம் என்னை மௌனம் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்தப் பெயர் ஒரு விதத்தில் பொருத்தம்தான். வினோதினியைப் பிடித்திருக்கிறது என்று மூன்று வருடமாக அவளிடம் நான் சொல்லவில்லை. நான் படிக்கும் நாவல்களில் நானூறு பக்கம் வரைக்கும் யாரும் எதையும் சொல்வதில்லை. வாழ்க்கைக்கும் அத்தனை பக்கம் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

டீ வந்தது. எல்லோரும் வெளியே போனார்கள். வினோதினி மட்டும் புடவைக்கு மேல் போட்டிருந்த ஆம்பிளைச் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். செல்போனை நீட்டினாள்.

“எங்க வீட்ல மாப்ள பாத்திருக்காங்க. பொம்மையார்பாளையம். சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். நீ ஒரு மார்க் போடேன்.”

போட்டோவில் நீலச் சட்டை. பக்கத்தில் பைக். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் நல்லவனாகவே தெரிந்தான். அதுதான் எரிச்சலாக இருந்தது.

மைனஸ் மார்க் வாய் வரை வந்துவிட்டது. நல்லவேளை, கொட்டகையின் சட்டம் ஞாபகம் வந்தது. இரண்டு போட்டால் இவள் இன்றைக்கே சரி என்று சொல்லிவிடுவாள்.

“பத்துக்கு எட்டரை,” என்றேன்.

அவள் போட்டோவைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பத்தவில்லையோ என்று கொஞ்சம் சேர்த்தேன். கண்ணில் நேர்மை தெரிகிறது என்றேன். சிரிப்பில் ஆழம் இருக்கிறது என்றேன். பைக்கைக் கழுவி வைத்திருக்கும் விதத்திலேயே பொறுப்பு தெரிகிறது என்றேன். இவ்வளவு மார்க் நான் எந்தப் படத்துக்கும் போட்டதில்லை என்றும் சொன்னேன். ராஜதந்திரி என்பவன் இப்படித்தான் இருப்பான் போலிருக்கிறது என்று உள்ளுக்குள் நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

வினோதினி சிரிக்கவில்லை.

“அந்த ஜப்பான் படத்துல, பொண்டாட்டி செத்தப்பறம் சலூன்காரரு ராத்திரி கடைய சாத்திட்டு, கண்ணாடி முன்னாடி அவரு முடிய அவரே வெட்டிக்குவாரே.”

அந்தப் படத்துக்கு மார்க் போட்டுவிட்டு நான் கதையைத் தொடங்கியதுமே ரேணுகா அக்கா நிறுத்திவிட்டார். சலூன் காட்சி வரை நான் போகவே இல்லை.

“நீ பாத்தியா?”

“நீ நல்லாருக்குன்னு சொன்னது எல்லாத்தையும் பாத்துட்டேன். வீட்ல எல்லாம் தூங்கினப்பறம், சவுண்ட கம்மியா வெச்சி.” செல்போனில் படிந்திருந்த உப்பைச் சட்டை நுனியால் துடைத்தாள். “இதுங்க கிண்டல் பண்ணும், நானும் கூட சேந்து சிரிப்பேன். ஆனா ஒண்ணுக்குக்கூட நீ தப்பா மார்க் போட்டதில்ல. அதான் உங்கிட்ட வந்தேன்.”

என் கையில் இருந்த முத்திரைக் கட்டை மேசை மேல் இன்றைய தேதியைக் குத்தியிருந்தது. எப்போது குத்தினேன் என்று தெரியவில்லை.

வெளியே ரேணுகா அக்கா டீ ஆறுகிறது என்று கத்தினார்.

வினோதினி அம்மாவின் நம்பரை எடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரும்பவும் அந்த நீலச் சட்டைக்காரனின் போட்டோவை எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

“அம்மாகிட்ட சரின்னு சொல்லப் போறேன் சித்தார்த்தா. அதுக்கு முன்னாடி இன்னொரு தடவ நல்லா பாத்துட்டு சொல்லு.”