இரண்டு ரிங்

புதுப் பெட்டியைத் தொலைபேசியோடு இணைத்ததும் டெஸ்மனுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

"இஞ்ச பாரும் பேர்ணடெட். ஆர் ரெலிபோன் எடுத்தாலும் அவையின்ர நம்பர் இதில விழும். இனி ஒருத்தரும் பொய் சொல்லி எங்களைப் பேய்க்காட்டேலாது."

"இதுதான் கடைசி," என்றாள் மனைவி. "இனி ஒரு புதுச் சாமானும் வாங்கமாட்டன், பார்க்கவும் போகமாட்டன் எண்டு மடு மாதா மேல சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினான். இருந்த சந்தோஷத்தில் எதைக் கேட்டிருந்தாலும் பண்ணியிருப்பான்.

சனிக்கிழமை காலை, வேலை விஷயமாக ஹமில்டன் போவதாகப் புறப்பட்டான்.

"போய்ச் சேர்ந்ததும் ரெண்டு ரிங் விட்டுட்டு வையுங்கோ. நான் எடுக்கமாட்டன்," என்றாள். வெளியூர் அழைப்புக்குக் காசு கொடுக்காமல் சேதி சொல்ல அவர்கள் வைத்திருந்த வழி அது.

இரண்டு மணி நேரம் கழித்து, சிநேகிதன் யூட்டின் வீட்டுத் தொலைபேசியிலிருந்து சொன்னபடியே இரண்டு ரிங் விட்டு வைத்தான் டெஸ்மன். பிறகு யூட்டிடம் ஆவலோடு கையை நீட்டினான். "இனிக் காட்டு மச்சான், அந்த பிலிம் இல்லாத கமராவை."

படம் எடுத்த கணமே அதன் முதுகில் தெரிந்தது. டெஸ்மன் குழந்தைபோலக் குதித்தான். சுவரை எடுத்தான், யூட்டின் செருப்பை எடுத்தான், தன் மூக்கையே எடுத்தான்.

தொலைபேசி அடித்தது. எடுத்த யூட்டின் முகம் வெளிறியது. ரிசீவரை டெஸ்மனிடம் நீட்டினான்.

"ஹமில்டன்ல மழையோ?" என்று நிதானமாகக் கேட்டாள் பேர்ணடெட். "பெட்டியில இஞ்ச பக்கத்தில, ஏவன்டேல்ல இருக்கிற யூட் அண்ணேன்ர நம்பர் விழுந்திருக்கு. நீங்கள் சொன்னது சரிதானப்பா. இனி ஒருத்தரும் எங்களைப் பேய்க்காட்டேலாது."