புல்வெளியில் ஒரு தடம்

“முப்பத்தாறு மணி நேரம். ஒரு ஆள்கூட வரல,” என்று அவன் கணக்கு அட்டையைக் குப்புறக் கவிழ்த்து வைத்தான்.

“சிமெண்ட் பாதையில ஆயிரத்து நானூத்திப் பன்னிரண்டு பேர் போனாங்களே,” என்றாள் பக்கத்தில் இருந்தவள். “அவங்களும் ஆளுங்கதான்.”

“அவங்க எனக்கு வேண்டாம், புல் டாக்டர்.”

அவன் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் முதுகலை, கடைசி ஆண்டு. அவள் அறிவியல் கட்டிடத்தில் தாவரவியல் முதுகலை. மூன்று நாளாகக் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை இருவரும் அவன் வரையும் ஸ்டூடியோவின் வாசற்படியில் உட்கார்ந்து, எதிரே இருந்த புல்வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அறிவியல் கட்டிடத்திலிருந்து நூலகத்துக்கு நேராக ஒரு சிமெண்ட் பாதை உண்டு. அதிலிருந்து பிரிந்து, புல்லைத் தேய்த்துக்கொண்டு ஸ்டூடியோ ஜன்னல்கள் வரை வளைந்து வந்து, மறுபடி சிமெண்ட் பாதையிலேயே போய்ச் சேர்ந்தது ஒரு மண் தடம். அவனுடைய செமஸ்டர் திட்டம் முழுக்க அந்தத் தடத்தை நம்பித்தான் நின்றது. யாரும் போட்டுக்கொடுக்காமல் மக்களே நடந்து போட்ட பாதை. அதற்குக் கல் பாவி, ஓரத்தில் மரமும் இருக்கையும் வைத்து மூன்று பெரிய தாள்களில் வரைந்துவிட்டான். மாடல்கூட முடிந்துவிட்டது.

பேராசிரியர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார். குறுக்கே போனால் புரியும், இது சுற்றியல்லவா போகிறது, அறுபத்தைந்து தப்படி அதிகம் நடந்து யார் போகிறார்கள், எதற்காகப் போகிறார்கள்? நாளைக் காலை பத்து மணிக்குத் தேர்வாளர்கள் முன்னால் நடக்கவிருக்கும் ஜூரியில் அதற்குப் பதில் இல்லையென்றால் இதே ஸ்டூடியோ பாடத்தை அடுத்த ஆண்டும் படிக்கலாம் என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார்.

புல் இப்படித் தேய எத்தனை பேர் நடக்க வேண்டும் என்று கேட்கத்தான் அவன் தாவரவியல் துறைக்குப் போனான். ஆய்வகத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவன் கேள்வியை முடிப்பதற்குள், எண்ணுவதற்கு இன்னோர் ஆள் வேண்டாமா என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. வகுப்பில் வாயே திறக்காத பெண் என்று யாரோ சொல்லிச் சிரித்தது அவன் காதில் விழுந்தது.

வாயே திறக்காத பெண், அவன் சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாகப் போட்டு உடைத்தாள்.

புல்வெளியை வரைகிறவர், அதில் யார் நடக்கிறார்கள் என்று இத்தனை மாதத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்ததே இல்லையா என்று முதல் நாளே கேட்டாள். வரையவே நேரம் போதவில்லை, பார்க்க எங்கே நேரம் என்றான். அதை நோட்டில் குறித்துக்கொள்வதுபோல் பாவனை செய்தாள்.

சுவரோரம் நிழலுக்காக வருவார்கள் என்றான். நடுப்பகலில் அங்கேதான் வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று கூட்டிப்போய் நிறுத்தினாள். அங்கிருக்கும் செடியின் பூ வாசனையாக இருக்கலாம் என்றான். அந்தச் செடி பூக்கவே பூக்காத ரகம் என்றாள். அதன் பெயரை அவன் தாளில் தப்பாக எழுதியிருப்பதையும் கையோடு சொன்னாள். மழைத் தண்ணீர் ஓடிய தடமாக இருக்குமோ என்று நேற்றுச் சாயங்காலம் பாதி உயிரோடு கேட்டான்.

“தண்ணி மேட்டுல ஏறாதுங்க, ஆர்க்கிடெக்ட் சார்.”

இப்போது மணி ஆறு தாண்டிவிட்டது. அவன் பென்சிலைப் பையில் போட்டான்.

“நாய் போட்ட தடம்னு எழுதிடவா?”

“நாய் எதுக்குங்க சுத்திப் போகுது? அதுக்கு நேரா யோசிக்கத் தெரியும்.”

அவன் சிரிக்கவில்லை. இன்னொரு வருடம் என்று வீட்டில் போய்ச் சொன்னால் அப்பா திட்ட மாட்டார் என்றான். மரம் நடக் கற்றுக்கொள்ள மூன்று வருடமா என்று ஒரே ஒரு தடவை சிரிப்பார். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியாது.

அவள், அவன் கவிழ்த்து வைத்த அட்டையை எடுத்து, வெற்றுப் பக்கத்தில் எதையோ பெருக்கிப் பார்த்தாள்.

“இந்தப் புல்லு மெதுவா வளர்ற ரகம். கூட்டமே வேண்டாம். ஒரே ஒரு ஆள், ஒரு நாளைக்கு நாலு தடவை, எட்டு மாசம். போதும்.”

“அப்போ மூணு நாளா அந்த ஆள் எங்க?”

“வேற வேலை இருந்திருக்கும்.”

அவன் புல்வெளியைப் பார்த்தான். நேராகச் சிமெண்ட் பாதை. அதைவிட்டு விலகி வெயிலில், மேட்டில் ஏறி ஒரு வளைவு.

“போட்ட பாதையை விட்டுட்டு தினமும் நாலு தடவை சுத்திப் போக, எந்த லூசுங்க அது?”

அவள் பேனாவை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவன் முகம் தெரியாதபடி இரண்டு படி கீழே இறங்கி நின்றாள்.

“ஜூரியில அந்த வார்த்தையை மட்டும் சொல்லிடாதீங்க,” என்றாள். “நான்தான் நடந்தேன். அந்த வளைவுல இருந்து பார்த்தாத்தான் உங்க மேஜை தெரியும்.”