பின்னால் இழுத்த பகுதி

"என் பகுதியிலதான் கோளாறு அண்ணாச்சி. ரெண்டு வாரம் குடுங்க, சரி பண்ணிருதேன்."

பெனாசிர் இப்படி ஒப்புக்கொண்டதும் யோகேஸ்வரிக்கு உள்ளுக்குள் இனித்தது. முகத்தில் மட்டும் கவலையை வரவழைத்துக்கொண்டாள்.

பட்டாசு லேபிள் அச்சடிக்கும் மெஷின்களில் மாட்டும் கேமராவுக்கு எலெக்ட்ரானிக் போர்டு செய்கிற சிறிய கம்பெனி அது. தாளில் கலர் நகர்ந்திருந்தால் போர்டிலுள்ள சிப் கண்டுபிடித்துவிடும். சிப் வெறுமையாகத்தான் வரும். அது என்ன செய்ய வேண்டும் என்று எழுதி ஏற்றுவது இந்த இரண்டு பெண்களின் வேலை. கலரைப் பார்க்கும் பகுதி யோகேஸ்வரி எழுதியது. தாளின் ஓரத்தைப் பார்க்கும் பகுதி பெனாசிருடையது. இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்ப்பதும் பெனாசிர்தான்.

விஸ்வநத்தம் அச்சாபீஸ்காரர் சங்கரலிங்கம் புதிதாக ஒரு வேகமான மெஷின் வாங்கியிருந்தார். அதற்கு ஈடுகொடுக்க சிப் நூற்றைம்பது மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓட வேண்டும். நூற்றுப்பத்தைத் தாண்ட மாட்டேன் என்றது. தப்பான லேபிள்கள் பிடிபடாமல் நழுவின. சீசன் நேரம். அவர் ஆபீசுக்கே வந்து உட்கார்ந்து, யார் செய்த தப்பு என்று கேட்டார். அதற்குத்தான் பெனாசிர் அப்படிச் சொன்னாள்.

நல்லா வேணும் என்று நினைத்தாள் யோகேஸ்வரி.

ஏழு வருஷமாக இங்கே இருப்பவள் அவள். பெனாசிர் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் முதலாளி லட்சுமிகாந்தம் எதற்கெடுத்தாலும் "பெனாசிரக் கேளுங்க" என்கிறார். சாத்தூர் அச்சாபீஸ்காரர்கள் போன் செய்தால்கூட அவளைத்தான் கூப்பிடச் சொல்கிறார்கள். அவள் கீபோர்டைப் பார்க்காமல் டைப் அடிப்பதுகூட யோகேஸ்வரிக்கு எரிச்சலாக இருந்தது.

இரண்டு வாரத்தில் சிப் நூற்றறுபதில் ஓடியது. முதலாளி எல்லோர் முன்பும் பெனாசிரைப் பாராட்டினார்.

கெடுத்ததும் இவள், பாராட்டும் இவளுக்கா? யோகேஸ்வரிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் முதலாளி அவளை அழைத்து, பெனாசிருக்கு ஆறு மாதம் முடிகிறது, வேலையை நிரந்தரமாக்கலாமா என்று எழுதித் தரச் சொன்னார். ஒரே மூச்சில் எழுதி அனுப்பினாள். மொத்தச் சிப்பையும் பின்னால் இழுத்தது பெனாசிரின் பகுதி, அதனால் கம்பெனி பெயர் கெட்டது, இப்படிப்பட்டவரை வைத்துக்கொள்வது சரியில்லை என்று.

அரை மணி நேரத்தில் முதலாளி போனில் வந்தார். ஒரு பிள்ளையை வேலையை விட்டு அனுப்புவதென்றால் ஆதாரம் வேண்டும், கோளாறு இருந்தபோது சிப்பின் வேகத்தைச் சோதித்த அந்தப் பழைய டைமிங் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வா என்றார்.

ஓட்டிப் பார்ப்பது பெனாசிரின் வேலை என்பதால் யோகேஸ்வரி அதுவரை அதைப் பார்த்ததில்லை. சந்தோஷமாகத்தான் ரிப்போர்ட்டைத் திறந்தாள்.

சிப்புக்குத் தாளம் போடும் கிளாக்கின் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் சிக்னல் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்தாக வேண்டும். சிக்னல் போகும் ஆயிரம் வழிகள் வேகமாக இருந்தாலும் ஒரே ஒரு வழி நீண்டுவிட்டால், மொத்தச் சிப்பும் அதற்காக மெதுவாகத்தான் ஓட வேண்டும். எந்த வழி அது என்பதை ரிப்போர்ட் முதல் வரியிலேயே சொல்லிவிடும்.

முதல் வரியைப் படித்தாள். திரும்பவும் படித்தாள். அந்த வழி தொடங்கியதும் முடிந்ததும் கலரைப் பார்க்கும் பகுதிக்குள். பெனாசிரின் பகுதி நூற்றெண்பதிலும் ஓடக்கூடியதாக இருந்தது.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு பெனாசிரின் மேசைக்குப் போனாள்.

"இது என் பகுதில்லா?"

பெனாசிர் தாளைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். "ஆமாக்கா. கூட்டல் எல்லாம் ஒரே துடிப்புல நடந்துச்சு. பாதிக் கணக்க நிறுத்தி வைக்க நடுவுல ஒரு ரெஜிஸ்டர் போட்டு ரெண்டு துடிப்பாப் பிரிச்சேன். அம்புட்டுதான்."

"பெறகு ஏன் ஒன் பகுதின்னு சொன்ன?"

"வெளியாளு உக்காந்திருந்தாகல்லக்கா. யாரு பேரையாவது சொல்லணும். நான் நேத்து வந்தவ, கெட்டுப்போறதுக்கு எனக்கு இன்னும் பேரே வரல. உங்களுக்கு அப்படியா?"

யோகேஸ்வரி தாளை வாங்கிக்கொண்டு முதலாளியின் அறைக்கு நடந்தாள்.

அவர் மேசை மேல் அவள் அனுப்பிய கடிதம் இருந்தது. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"ஆதாரம் கெடச்சுதாம்மா?"

"கெடச்சுது அண்ணாச்சி." ரிப்போர்ட்டை அவர் முன்னால் வைத்தாள். "லெட்டர்ல எழுதினது எல்லாம் சரிதான். பெனாசிர்னு இருக்கிற எடத்துல மட்டும் யோகேஸ்வரின்னு மாத்திக்கங்க."