கடல்குதிரைக்கு வாசல் லைட்

"நல்லானை நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லிடறேனுங்க பாய்" என்றார் சிவராஜ்.

பனியன் கம்பெனி முதலாளி காலங்காத்தாலே இப்படிக் கொதித்தது துணி திருட்டுப் போனதற்காக இல்லை. வரவேற்பறைத் தொட்டியில் இருக்கும் இரண்டு கடல்குதிரைகளுக்காக.

புகார் சொன்னவன் அஸ்ஃபாக். வாராவாரம் வந்து தண்ணீர் மாற்றி, உப்பு பார்த்து, கண்ணாடி துடைத்துவிட்டுப் போகிறவன். வெளிநாட்டுப் பண்ணையில் பிறந்து முறையான காகிதத்தோடு வந்த குதிரைகள் மூன்று வாரமாகச் சரியில்லை. நிறம் வெளுத்து, இரையைத் தொடாமல், வாலால் ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றன.

"ராத்திரி எட்டு மணிக்குத் தொட்டி லைட் தானா அணையற மாதிரி டைமர் மாட்டியிருந்தேனுங்க. அதை யாரோ கழட்டிட்டு நேரா ப்ளக்குல சொருகியிருக்காங்க. விடிய விடிய லைட் எரிஞ்சா அதுக எப்படிங்க தூங்கும்? இன்னும் பத்து நாள் தாங்காது."

"ராத்திரி அங்க செக்யூரிட்டி நல்லானைத் தவிர வேற யாரு? சொகமா உக்காந்து செல்லுல படம் பார்த்திருப்பான்." சிவராஜுக்கு மூச்சு வாங்கியது. "போன தடவை ஆர்டர் குடுக்க வந்த பையர், துணியைப் பார்க்கறதுக்கு முன்னாடி குதிரையைத்தான் பார்த்தான். அடுத்த வாரம் மறுபடி வர்றான். வாயில்லா ஜீவனுங்க பாய், பாவம்."

அஸ்ஃபாக்குக்கும் கோபம்தான். ஆனாலும் ஒருத்தர் பிழைப்பு. "ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேனுங்க" என்று கீழே இறங்கினான்.

இரவு டூட்டியை முடித்த நல்லான் வாசலில் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ண்ணா, டைமரைக் கழட்டினது நீங்கதானுங்களா?"

"ஆமா தம்பி."

"அதுக சாகப் போகுதுங்ண்ணா!"

நல்லான் அப்படியே நின்றுவிட்டார். "சாகுமா? சத்தியமாத் தெரியாது தம்பி. வெளிச்சம் இருந்தா நல்லதுன்னுதான் போட்டேன்."

"யாருக்கு நல்லது?"

"எங்களுக்குங்க" என்றது பின்னால் ஒரு குரல்.

காலை ஷிப்டுக்கு வந்துகொண்டிருந்த செக்கிங் பிரிவு சுப்புலட்சுமி. காலை இழுத்து இழுத்து நடந்தாள். கணுக்காலில் கட்டு.

"ஷிப்மெண்ட் அவசரமுங்க. ரெண்டு ஷிப்ட் ஓட்டிட்டு ராத்திரி ஒரு மணிக்குத்தான் வெளிய வர்றோம். வேன் மொத ட்ரிப் ஆளுங்களை அனுப்பர்பாளையத்துல உட்டுட்டு வர ஒரு மணி நேரம் ஆவுது. அதுவரைக்கும் பன்னெண்டு பொம்பளைங்க இந்தப் படியிலதான் உக்காந்திருக்கோம். ஒம்பது மணிக்கு மேல வாசல் லைட்டைப் போடக் கூடாதுன்னு மொதலாளி உத்தரவு, கரண்டு பில்லு ஏறுதாம். இருட்டுல படி தெரியாம உழுந்ததுதான் இந்தக் கட்டு."

"கேட்டுப் பார்க்கலையா?"

"இந்த அண்ணன் போயிக் கேட்டாரு. எல்லாரு கையிலயும் செல்லு இருக்குது, அதுல டார்ச் இருக்குதில்லன்னாராம்."

நல்லான் தலையைக் குனிந்துகொண்டார். "குதிரை லைட்டை மட்டும் யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க தம்பி. கண்ணாடிக் கதவு வழியா படி வரைக்கும் வெளிச்சம் வருது. அதான்."

அஸ்ஃபாக்குக்கு வெட்கமாகிவிட்டது. திரும்ப மாடியேறினான்.

"என்ன சொல்றான்?" என்றார் சிவராஜ்.

"அவரு மேல தப்பில்லீங்க. தப்பு என்னுதுதான். டைமர் சட்டுனு ஒரேயடியா இருட்டாக்கிருது. குதிரை மிரண்டு போகுது. அதைப் பார்க்க முடியாமத்தான் அவரு லைட்டைப் போட்டு உட்ருக்காரு."

"அடடா, இருட்டுல பயந்துக்குதா?" சிவராஜின் முகம் இளகிவிட்டது. "நல்லானுக்குக்கூட மனசு கேக்கலை பாருங்க. இப்ப என்ன பண்றதுங்க?"

"தொட்டி லைட் எட்டு மணிக்கு அணையட்டுமுங்க. அதுக்குப் பதிலா வெளிய, வாசப்படிக்கு மேல ரெண்டு லைட் போட்டு விடியற வரைக்கும் எரிய உடணும். கதவு வழியா நிலா வெளிச்சமாட்டம் மெதுவா உள்ள வரும். அதுகளும் மிரளாது."

"ரெண்டு போதுமுங்களா?"

அஸ்ஃபாக் கொஞ்சம் யோசித்தான். "கேட் வரைக்கும் வரிசையா நாலு போட்டா இன்னும் நல்லதுங்க."

"இன்னிக்கே போட்டுடுங்க. கரண்டு பில்லையெல்லாம் பார்த்தா ஒரு ஜீவனைக் காப்பாத்த முடியுமா?"

சாயங்காலத்துக்குள் எலக்ட்ரீஷியன் வந்து வேலை முடிந்துவிட்டது. படி பளிச்சென்று தெரிந்தது. கேட் வரைக்கும் பாதையில் ஊசி விழுந்தாலும் எடுத்துவிடலாம்.

டூட்டிக்கு வந்த நல்லான் லைட்டையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். குதிரை செத்துவிடுமோ என்ற பயம் அவருக்கு இன்னும் போகவில்லை.

"இத்தனை வெளிச்சத்துல குதிரை தூங்குமா தம்பி?"

அஸ்ஃபாக் தன் பையைத் திறந்தான். கட்டிங் டேபிளில் கேட்டு வாங்கிய கறுப்பு பனியன் துணி உள்ளே மடித்து இருந்தது. அதை எடுத்து அவர் கையில் வைத்தான்.

"டைமர் அணைஞ்சதும் தொட்டியைச் சுத்தி நாலு பக்கமும் இதைக் கட்டி உட்ருங்ண்ணா. குதிரைக்கு ராத்திரியில ஒரு பொட்டு வெளிச்சம்கூட ஆகாது."